நூற்றுத் தொண்ணூறு ஜோடிகள்

நீடாமங்கலம் அலுவலகத்தில்
மின்விசிறி வேகத்துக்குத்தான் கோப்புகள் புரளும்.
கார்த்திகை இரண்டாம் வாரம்.
சம்பா ரகக் கணக்கு என் மேசையில்.
ஊருக்கு இருபது பேர், ஆளுக்கு ஒரு ரகம்.

படிவத்தின் கடைசிக் கட்டத்தில் அச்சாகியிருந்தது:
சராசரி, திட்ட விலக்கம்.
எதற்குச் சராசரி?
சி.ஆரையும் பொன்னியையும் கூட்டி
இரண்டால் வகுத்தால் என்ன முளைக்கும்?

கணினி தயங்கவில்லை.
அடையாளத்துக்கு நான் இட்டிருந்த
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கைக் கூட்டிப் பார்த்து
ஆலங்காட்டுக்கு இரண்டரை என்றது.
இரண்டரை என்றொரு நெல்லை
வெண்ணாற்றுப் பாசனத்தில் யாரும் விதைத்ததில்லை.

இணை இயக்குநர் படம் கேட்டார். வரைந்தேன்.
வடுவக்குடிக்கு ஒரு தூண் கோபுரமாக எழும்ப
பக்கத்தில் மூன்று, வாமடைக் கட்டை உயரத்துக்கு.
பதினேழு, ஒன்று, ஒன்று, ஒன்று.
ஆலங்காட்டுக்கு நான்கும் ஒரே மட்டம். ஐந்தைந்து.

"வடுவக்குடியிலதான் வேறுபாடு ஜாஸ்தி" என்றார்,
பேனா முனையால் மேட்டையும் பள்ளத்தையும் தடவி.
"இது பாருங்க, பரம்படிச்ச வயலாட்டம்.
இதுல ஏது வேறுபாடு?"

சார் தூண்களைப் பார்த்தார்.
நான் வாசல் வாசலாக ஏறி இறங்கியவள்.
வடுவக்குடியில் தாவூது ராவுத்தர் சி.ஆர்.,
அடுத்த வயல் கலியமூர்த்தி சி.ஆர்.,
கலியமூர்த்தியோடு பேச்சுவார்த்தை இல்லாத மச்சானும் சி.ஆர்.
கேட்காமலேயே எழுதலாம்.
இரண்டு வீட்டுக்கு அப்படித்தான் எழுதினேன், சொல்லிவிடுகிறேன்.
ஆலங்காட்டில்
பேனா மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு
ஒவ்வொரு வாசலிலும் நிற்க வேண்டியிருந்தது.

அந்த நிற்றலை எப்படி எண்ணாக்குவது?
டிபன் பாக்ஸை மூடிவிட்டு உட்கார்ந்தேன்.
இருபது பேரில் இரண்டு பேரைக்
கண்ணை மூடிக்கொண்டு கூப்பிடு.
ஒரே ரகமா, வேறா?
எவ்வளவு தூரம் வேறு என்று கேட்காதே.
பெயருக்கும் பெயருக்கும் நடுவில் மைல்கல் கிடையாது.

மொத்தம் நூற்றுத் தொண்ணூறு ஜோடி.
வடுவக்குடியில் வேறுபட்டவை ஐம்பத்து நான்கு.
ஆலங்காட்டில் நூற்றைம்பது.
சார் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார்.
"படத்துல அப்படித் தெரியலையே" என்றார்,
என்னிடம் இல்லை, படத்திடம்.

மணற்குடி மிச்சமிருந்தது.
பத்து சி.ஆர்., பத்து டி.கே.எம். பதிமூன்று.
வேறுபட்ட ஜோடி நூறு.
பாதிக்குக் கொஞ்சம் மேல். நல்ல எண்,
கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டால்.

திறந்தால்
வாய்க்கால் தலைப்பில் பத்து பேர்,
நூற்றைம்பத்தைந்து நாள் பயிர்.
கடைமடையில் பத்து பேர்.
அவர்களிடம் தண்ணீர் வந்து சேர்வதற்குள்
இருபத்தைந்து நாள் போய்விட்டது.
மிச்ச நாளுக்குள் எது விளையுமோ அது.

"ஏன் இந்த ரகம்?" என்று கேட்டதற்கு
ரோசலின் மேரி, முழங்காலளவு சேற்றில் நின்றபடி,
"நாங்க எங்க எடுத்தோம்,
வாய்க்கா எடுத்துக் குடுத்துச்சு" என்றாள்.
பேனாவுக்கு வேலையில்லை. எழுத அதற்கொரு வரியில்லை.

அந்த நூறு ஜோடியிலும்
மதகுக்கு இந்தப் பக்கம் ஒருவர்,
அந்தப் பக்கம் ஒருவர்.
தலைப்புக்குள் மட்டும் எண்ணினால் பூஜ்யம்.
கடைமடைக்குள் மட்டும் எண்ணினாலும்.

மணற்குடி, நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதற்குப்
படிவத்தில் இடமில்லை.
திட்ட விலக்கம் கேட்ட கட்டத்தில்
அடிக்கோல் வைக்காமல் ஒரு கோடு இழுத்தேன்.
கிழக்கே போகப் போக
லேசாகச் சரிந்திருந்தது.